ஆசாரித் தாத்தாவின் கருவிகளுக்கு ஒரு சுவர்

கேட்டவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். தாத்தா காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் நிலை, கதவு, ஜன்னல் செய்த தச்சர். அவர் காலமான பின் நாற்பது சொச்சம் கருவிகள் ஒரு மரப்பெட்டியில் ஊரிலேயே கிடந்திருக்கின்றன. பேரன் தாம்பரம் பக்கம் கார் ஷெட்டை ஒதுக்கிச் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறார். 8 அடி அகலச் செங்கல் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது. தாத்தாவின் கருவிகளும் தன்னுடைய புதுக் கருவிகளும் அதில் சேர்ந்து இருக்க வேண்டும், பார்த்தால் குடும்பத் தொழில் தெரிய வேண்டும் என்பது ஆசை. பெட்டியைப் பாதி கரையான் தின்றுவிட்டது, தூக்கிப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

பெட்டியை இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பாவும் தச்சர்தான். நானும் இதே தொழிலில் இருபது வருடங்களைத் தாண்டிவிட்டேன். இந்த மாதிரிச் சுவரை மூன்று தடவை கட்டியிருக்கிறேன். முதல் தடவை படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். உளிகள் அளவு வரிசையில், ரம்பங்கள் நீள வரிசையில், அப்பாவின் இழைப்புளி (மரத்தை இழைக்கும் கருவி) நட்டநடுவில். ஒரு வாரம் வேலை ஓடியதும் பார்த்தால் பாதிக் கருவிகள் பெஞ்சின் மேல் குவிந்து கிடக்கின்றன, சுவரில் ஆணிகள்தான் தொங்குகின்றன. எடுக்கும்போது நடந்துபோய் எடுத்துவிடுவோம். வேலை மும்முரத்தில் திரும்ப வைக்க யாரும் நடக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நான் கருவிச் சுவரை ஒரே ஒரு அளவுகோலால்தான் பார்க்கிறேன்: சாயங்காலம் கடை சாத்தும்போது கருவி தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா?

உங்கள் விஷயத்தில் இதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தாத்தாவிடம் கருவிச் சுவர் என்று ஒன்று அநேகமாக இருந்திருக்காது. அந்தத் தலைமுறைத் தச்சர்கள் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைக்கும் உளியும் கொட்டாப்புளியும் (மரச்சுத்தி). வேலை நடக்கும் வீட்டுக்கே கருவிகளைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய், திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ சாக்கை விரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கருவிகள் அவர்களைச் சுற்றி அரைவட்டமாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு இறைந்து கிடப்பதுபோல் இருக்கும். ஆனால் தலை நிமிராமல் கை போகும் இடத்தில் மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) இருக்கும். யாராவது தள்ளி வைத்துவிட்டால் வசவு விழும்.

தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கும் ‘டிசைன்’ அந்த அரைவட்டம்தான். பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தை மாட்டுவதும், புதுப் பலகைக்குப் பழசுபோல் சாயம் அடிப்பதும் ஓட்டல் அலங்காரம். நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். அரைவட்டத்தைத் தரையிலிருந்து எழுப்பிச் சுவரில் நிறுத்துங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, சாக்கு விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். அம்மா, பெரியப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யார் அவர் வேலை பார்த்ததைக் கண்ணால் கண்டவர்களோ அவர்களைக் கூட்டி உட்கார வையுங்கள். “தாத்தா எந்தக் கருவியை எங்கே வைப்பார்?” என்று கேட்டால் “யாருக்குப்பா ஞாபகம் இருக்கு” என்பார்கள். அதனால் கேட்காதீர்கள். நீங்களே தாத்தா மாதிரி உட்கார்ந்து கருவிகளைத் தப்பாக அடுக்குங்கள். “அது அங்க இல்லடா, இந்தப் பக்கம்” என்று தானாக வரும். என் அப்பா ரம்பத்தைத் தொடைக்குப் பின்னால்தான் வைப்பார் என்பதை என் அத்தையிடமிருந்து இப்படித்தான் வாங்கினேன்.

ஆள் இல்லாவிட்டால் கருவியே சொல்லும். உளிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எது மிகக் குட்டையோ அதுதான் அதிகம் உழைத்தது; தீட்டித் தீட்டித் தேய்ந்தது. நிலை, கதவு வேலை என்றால் துளையடிக்கும் நாலு நூல் உளி அநேகமாகப் பாதி நீளத்துக்கு வந்திருக்கும் (8 நூல் ஓர் அங்குலம்; நாலு நூல் என்றால் அரை அங்குலம்). பிடியின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்து, பூண் (பிடியைச் சுற்றிய உலோக வளையம்) வரை இறங்கியிருக்கும். கொட்டாப்புளியைத் திருப்பிப் பாருங்கள். புளிய மரமாகவே இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருக்கும். எந்தப் பக்கம் என்பதில் அவருடைய கைவாக்கு தெரிந்துவிடும். தேய்மான வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் தேய்ந்தவை கைக்குப் பக்கம், தேயாதவை தூரம். சுவரின் வரைபடம் அவ்வளவுதான்.

துரு எடுப்பதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, நைலான் நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போட்டுப் பளபளவென்று ஆக்காதீர்கள். முத்திரை போய்விடும். மூன்று இலை முத்திரை இருந்தால் அது இங்கிலாந்து ஷெஃபீல்டு நகரத்து மார்பிள்ஸ் கம்பெனி உளி. முத்திரையே இல்லாமல் கரடுமுரடாக இருந்தால் ஊர்க் கொல்லர் லாரியின் வில் பட்டையில் அடித்ததாக இருக்கலாம், அதையும் மட்டமாக நினைக்க வேண்டாம். வாயைத் தீட்டும்போது மெஷின் சாணையில் அழுத்தினால் நுனி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று. 25 டிகிரியில் சாணை, 30 டிகிரியில் கல் போதும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் தூக்கிப் போடுங்கள்.

இனி சுவர். தாம்பரம் பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்துத்தான் பேச வேண்டும். முழுசாக நனைகிற வெளிச்சுவரின் உள்பக்கம் என்றால் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கும். 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள், அல்லது வேறு சுவர் பாருங்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் போகும்.

செங்கல் சுவர் என்றீர்கள், நல்லது. பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், அது எடை தாங்காது. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் குறைந்தது 2 அங்குலம் இறங்க வேண்டும். 8 மி.மீ. துளை, அதற்கேற்ற நைலான் பிளக், நீள ஸ்க்ரூ. துளையில் செந்தூள் வர வேண்டும். சாம்பல் தூளே வந்துகொண்டிருந்தால் இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள காரையில் போகிறீர்கள் என்று அர்த்தம். ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுத் துளைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் அதற்கென்றே தனி பிளக் இருக்கிறது, சாதாரண பிளக் உருவிக்கொண்டு வந்துவிடும். ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் துளையே போட வேண்டாம். தரையில் நிற்கும் மரச்சட்டம் செய்து, எடையைத் தரைக்குக் கொடுத்து, மேலே மட்டும் சாயாமல் பிடிக்க இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

மாட்டும் முறைக்கு வருவோம். துளைத்தகடு (பெக்போர்டு) வேண்டாம். அதில் மாட்டும் கொக்கிகள் மெல்லியவை, கொட்டாப்புளியைக் கண்டாலே வளையும். நான் சொல்வது பிரெஞ்சு கிளீட் என்கிற சாய்வுப் பட்டை. 45 டிகிரியில் மேல் விளிம்பு அறுத்த பட்டையைச் சுவரில் படுக்கவாட்டில் அடிக்கிறோம். சரிவு சுவரை நோக்கி இறங்க வேண்டும், கூர்முனை நம் பக்கம் நிற்க வேண்டும். அப்போது பட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கிடைக்கும். கருவிதாங்கியின் பின்னால் இதே பட்டையைத் தலைகீழாக அடித்தால், அதன் கூர்முனை அந்த வாய்க்காலில் போய் உட்காரும். எடை கூடக்கூடச் சுவரோடு இறுகும். எடுக்க வேண்டுமானால் மேலே தூக்கினால் போதும், ஸ்க்ரூவைத் தொட வேண்டியதில்லை.

இதை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் எடை மட்டும் அல்ல. அரைவட்டம் ஒரே நாளில் சரியாக அமையாது. உங்கள் கை தாத்தாவின் கை இல்லை, உங்கள் வேலையும் அவர் வேலை இல்லை. ஆறு மாதம் இடம் மாற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள். ஹென்றி ஸ்டட்லி என்ற, பியானோ செய்யும் அமெரிக்கரின் கருவிப்பெட்டிப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 300 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் இழைத்துச் செய்த குழி. அபாரமான வேலை. ஆனால் அதில் 301ஆவது கருவிக்கு இடம் தேடினால் தவித்துப் போவீர்கள். அவர் தன் கைக்குச் செய்துகொண்டார், அது சரி. இரண்டு தலைமுறைக் கருவிகள் சேரும் சுவருக்கு அந்த வழி ஒத்துவராது.

ஒரே ஒரு ஷீட் போதும். 8க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட். எம்.ஆர். கிரேடு (ஈரத்தை ஓரளவே தாங்குவது) வாங்காதீர்கள், ஓதக்காற்றில் ஏடு ஏடாகப் பிரியும். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும் கிரேடு) எடுங்கள், கை தாராளமாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. நீளவாக்கில் 8 அங்குல அகலமாக ஆறு பட்டை கிழியுங்கள். ரம்ப வாய்க்குப் போகும் கணக்கில் கடைசிப் பட்டை கொஞ்சம் ஒல்லியாக வரும், பரவாயில்லை. பிறகு ரம்பத்தை 45 டிகிரி சாய்த்து ஒவ்வொரு பட்டையையும் நடுவில் கிழித்தால், ஒரே அறுப்பில் ஜோடி ஜோடியாக 12 பட்டைகள். ஆறு சுவருக்கு, ஆறு தாங்கிகளுக்கு. டேபிள் ரம்பம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் அறுப்புப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கை ரம்பத்தில் 8 அடிக்கு 45 டிகிரி நேராக வருவது எனக்கே சந்தேகம்.

பட்டைகளைச் சுவரில் நேராக ஒட்டாமல், அடியில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை நெடுக்குவாட்டில் கொடுத்து அடியுங்கள். பின்னால் காற்று ஓடினால் பூஞ்சை பிடிக்காது. ஒவ்வொரு பட்டைக்கும் ஐந்து ஸ்க்ரூ. ரீப்பரும் பட்டையும் பூச்சும் சேர்த்துத் தாண்ட வேண்டும் என்பதால் 4 அங்குல ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். முதல் பட்டைக்கு மட்டம் பார்க்கும்போது ரசமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். 8 அடிக்கு அது கொஞ்சம் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கி இரண்டு ஓரமும் தண்ணீர் வைத்துக் குறியுங்கள். மீதியை அதிலிருந்து 8 அங்குலத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

உயரம்? நின்று வேலை பார்ப்பவர் என்றால் பெஞ்சுக்கு மேல் அரை அடி விட்டு ஆரம்பியுங்கள். ஆனால் தாத்தாவின் கருவிகளால் தரையில் உட்கார்ந்து செய்து பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் (ஒருமுறையாவது செய்து பாருங்கள், சில உளிகளின் பிடி ஏன் அவ்வளவு குட்டை என்பது அப்போதுதான் விளங்கும்) கீழ்ப் பட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். குழந்தைகள் வரும் வீடு என்றால் அதில் வாய் உள்ள கருவி எதுவும் வேண்டாம். கொட்டாப்புளி, முழக்கோல், தூக்குக்குண்டு மட்டும்.

உளித்தாங்கிதான் இந்தச் சுவரில் மெனக்கெட வேண்டிய இடம். இரண்டங்குல அகலமுள்ள நல்ல காய்ந்த தேக்கு அல்லது வேம்புச் சட்டத்தில், பூண் நுழையாத, கழுத்து மட்டும் நுழையும் அளவுக்குத் துளை. துளையிலிருந்து முன் விளிம்பு வரை ஒரு வாய் வெட்டிவிடுங்கள். உளியை மேலிருந்து இறக்க வேண்டியதில்லை, முன்னாலிருந்து கழுத்தை நுழைத்தால் பிடி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு துளைக்கு நடுவே இரண்டரை அங்குலம் விடுங்கள், விரல் போக வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் இரும்பு தொடும் இடமெல்லாம் கறுக்கும், துரு ஏறும். கீழே, வாய்கள் தொங்கும் உயரத்தில், 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டால் ஒரு தடுப்பு. எத்தனை நூல் உளி என்பதும் தெரியும், கையும் தப்பும். தடுப்பு இல்லாத காலத்தில் கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தவன் நான். தோளில் ஐந்து தையல்.

இழைப்புளியைத் தொங்கவிட வேண்டாம். சற்றே சரிந்த தட்டில் படுக்கட்டும். முன்பக்கம் ஒரு மெல்லிய ரீப்பரை ஒட்டிவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும், தகட்டின் வாய் பலகையில் உரசாது. ரம்பத்துக்குப் பிடியின் ஓட்டைக்குள் போகும் வடிவத்தில் ஒரு மரக்கட்டை. மரம் செதுக்கும் வாச்சியைத் தலை மேலே, வாய் சுவரைப் பார்த்து. தோல் வார் வைத்து மாட்டும் மோகம் இப்போது நிறைய இருக்கிறது, படத்துக்கு அழகுதான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்தப் போட்ட சரக்கும் அதில் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் வார் தொட்ட இடத்தில் இரும்பில் வளையம் விழும். காந்தப் பட்டையும் வேண்டாம். உளி காந்தமேறினால் தீட்டும் தூளெல்லாம் வாயில் ஒட்டும்.

இனி சரிசெய்ய முடியாத கருவிகள்: உடைந்த துரப்பணம், பல் போன ரம்பம். இவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் அந்த இடம் வீண். மேல் பட்டையில் ஏற்றிவிடுங்கள். வேலை செய்பவை கீழே, ஓய்வு பெற்றவை மேலே. புதிதாக வாங்கிய பேட்டரி டிரில்லையும் கூச்சப்படாமல் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். தாத்தா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் எடுத்திருப்பார்.

ஆயுத பூஜையையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சுவரையே காலி செய்து எல்லாவற்றையும் இறக்க வேண்டும், துடைத்து எண்ணெய் போட்டுப் பலகையில் பரப்ப வேண்டும், விஜயதசமியன்று திரும்ப ஏற்ற வேண்டும். சாய்வுப் பட்டையில் இது அரை மணி நேர வேலை. சந்தனம், குங்குமத்தை இரும்பில் வைக்காதீர்கள். ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் அதன் அடியில் பழுப்புப் பொட்டு நிற்கும், அப்புறம் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. என் அப்பா மரப்பிடியில் மட்டும்தான் வைப்பார். பக்தியில் குறை என்று பாட்டி சண்டை பிடித்ததுண்டு.

பெட்டிக்கு வருகிறேன். கரையான் அநேகமாக அடிப்பலகையையும் கால்களையும் தின்றிருக்கும். பட்டறைக்குள் கொண்டுவரும் முன் நல்ல வெயிலில் போட்டு, தட்டி உதறி, கெட்ட பலகைகளை ஊரிலேயே எரித்துவிடுங்கள். பக்கப் பலகைகள் உறுதியாக இருந்தால் உளித்தாங்கிக்கு அதைவிடக் காய்ந்த மரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மூடியை மட்டும் அறுக்காதீர்கள். திருப்பி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய ஆசாரிகள் நிலை அளவு, கன அடிக் கணக்கு, வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் அங்கேதான் பென்சிலில் கிறுக்கி வைப்பார்கள். என் அப்பாவின் மூடியில் இன்றைக்கும் வசூலாகாத 40 ரூபாய் ஒன்று நிற்கிறது. உங்களுடையதிலும் எழுத்து இருந்தால் உப்புத்தாள் போடாமல், எண்ணெய் தடவாமல், அப்படியே பின்னால் ஒரு சாய்வுப் பட்டை அடித்து மேல் வரிசையில் மாட்டிவிடுங்கள்.